ஆண்டு இல்லாத பழைய நூல்: அச்சகத்தை எப்படித் தேடுவது?

வணக்கம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஊர் வரலாற்று நூலில் ஆண்டு இல்லை, அச்சகத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது, மேலே எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சகத்தின் பெயர் கிடைத்ததே பெரிய பிடி. ஐரோப்பிய அச்சு நூல்களில், 1457இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வெளிவந்த, விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய நூலில்தான் அச்சிட்டவர்களின் பெயரும் தேதியும் முதன்முதலாக இடம்பெற்றன. அதன் பிறகும் பெயரைப் போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

முதலில் ஒரு தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, அதன் பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். எழுத்துகள் லேசாகப் புடைத்திருந்தால் அது ஈய எழுத்தில் கோத்து அடித்தது. வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆப்செட், அதாவது தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளில் அடித்தது. புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இல்லை என்பதை வைத்து 1970க்கு முந்தையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிறிய பதிப்பாளர்கள் பலர் பிற்காலத்திலும் அந்த எண்ணை வாங்கியதில்லை.

கடைசிப் பக்க விளம்பரங்களை ஒரு வரி விடாமல் படியுங்கள். தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம், எந்தத் தெருவின் பழைய பெயர் என்பதெல்லாம் காலத்தைச் சொல்லிவிடும்.

பிறகு அதே கடைக்குத் திரும்பிச் சென்று, அதே அடுக்கைக் கிளறுங்கள். ஒரே வீட்டிலிருந்து வந்த புத்தகங்கள் பெரும்பாலும் சேர்ந்தே கிடக்கும். ஆண்டு மலர்கள், துண்டறிக்கைகள், சங்க அறிக்கைகள் எதையும் ஒதுக்காதீர்கள். சிறிய அச்சகங்கள் அன்றாடம் பிழைத்தது அவற்றால்தான். நான் மாதக்கணக்கில் தேடிய ஓர் அச்சக உரிமையாளரின் பெயர், ஒரு பள்ளி ஆண்டு மலரின் நன்றியுரையில் கிடைத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

முகப்பின் பின்பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.