சர்க்கரை நோய்க்குக் கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதானா?
இட்லியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் கஞ்சிக்கு மாறியும் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேழ்வரகிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லாமல் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதில் கருப்பட்டி வேறு போட்டால், சரிதான் போங்கள்! அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே இனிப்புப் பொருள்தான்.

அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டி, கூடவே சுண்டலோ முட்டையோ சாப்பிட்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். கஞ்சிதான் வேண்டுமென்றால் சின்ன டம்ளர், மோர் ஊற்றி, இனிப்பில்லாமல். அப்புறம், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். ரத்தச் சர்க்கரை பொதுவாக 180 mg/dL-க்குள் இருக்க வேண்டும். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் என்றால் உணவை மாற்றும்முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.