கேள்வியைப் பொம்மையிடம் கேளுங்கள்

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாது, பள்ளியில் வாயே திறப்பதில்லை என்கிறார் டீச்சர். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்று ஓடிவிடுகிறாள். கைப்பொம்மை வைத்து விளையாடினால் பேச்சு வரும் என்கிறார்கள், உண்மையா? ஆன்லைனில் 900 ரூபாய்க்கு ஒரு செட் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: செட் வேண்டாம். ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒன்று, சட்டைப் பட்டன் இரண்டு, ஊசி நூல், போதும். ஊசியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், கண் எங்கே என்று அவள் சொல்லட்டும். கோணலாக வந்தால் இன்னும் நல்லது, கோணல் கண் பொம்மைக்குத்தான் குணம் அதிகம்.

பேச்சு வருமா என்றால், பல பிள்ளைகளுக்கு வருகிறது. கூச்சப்படும் பிள்ளைக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை, எல்லோரும் தன் முகத்தையே பார்ப்பதுதான் தொல்லை. கையில் பொம்மை ஏறியதும் பார்வை அதன் மேல் போய்விடும், தப்பாகச் சொன்னாலும் பொம்மைதானே சொன்னது! தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் நடக்கும்போதே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பொம்மைகள் நடுவில் புகுந்து ஊர் நடப்பைக் கிண்டலடிக்கும். திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் எல்லாருக்கும் குரல் கொடுப்பார், ஆனால் கூட்டம் சிரிப்பது உச்சிக்குடும்பனைப் பார்த்து. அந்த வசதி உங்கள் மகளுக்கும் வேண்டும்.

பெற்றோர் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: பொம்மையை மாட்டியதும் "இது என்ன கலர் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவோம். அது இன்னொரு டீச்சர், அவ்வளவுதான். உங்கள் பொம்மை மக்காக இருக்கட்டும். "நாலு, அஞ்சு, ஆறு, ஒன்பது" என்று அது எண்ணட்டும், ஆறு வயதுப் பிள்ளையால் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது, திருத்தத் தொடங்கிவிடும், திருத்தும்போதே தனக்குத் தெரிந்ததை வரிசைப்படுத்திச் சொல்லப் பழகிவிடும். பள்ளியைப் பற்றியும் அதே மக்குப் பொம்மை கேட்கட்டும்: "நான் ஸ்கூலுக்கே போனதில்ல, அங்க தாகமெடுத்தா என்ன பண்ணுவாங்க?" பெரிய கேள்வி வேண்டாம், இப்படிச் சின்னதாக. நீங்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் பொம்மையைப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் சும்மா இருங்கள் (கஷ்டம்தான், தெரியும்).

கட்டைவிரல்தான் பொம்மையின் கீழ்த்தாடை, அதை மட்டும் அசைக்க வேண்டும். "அம்-மா" என்றால் இரண்டு தடவை, "பட்-டாம்-பூச்-சி" என்றால் நான்கு தடவை வாய் திறக்கட்டும். சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் இதில் தானாக வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க அது நேராக உதவும். சாக்ஸ் அலுத்துவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஈர்க்குச்சியில் ஒட்டுங்கள், வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். உருவத்தை விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் ஏன் பெரிதாகிறது என்று அவளே கேட்பாள்.

செல்போனில் படம் பிடிக்காதீர்கள். "மாமாவுக்குப் பேசிக் காட்டு" என்றும் சொல்லாதீர்கள், முகத்தைப் பார்க்கும் கூட்டம் திரும்ப வந்துவிடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. "வேன் அங்கிள் அடிக்கிறாரு" என்கிற மாதிரி பொம்மை ஏதாவது சொன்னால் பதறாதீர்கள். கதையாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். "எங்க அடிச்சாரு, இங்கயா?" என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காமல் "சரி, அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு, பொம்மை இல்லாத நேரத்தில் அவளிடமே நிதானமாகப் பேசுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் இந்த மௌனம் சகஜம். அதையும் தாண்டி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள், செலக்டிவ் மியூட்டிசமாக (வீட்டில் பேசும் பிள்ளை, பள்ளி போன்ற சில இடங்களில் மட்டும் பதற்றத்தால் பேச முடியாமல் போவது) இருக்கலாம், அதற்குச் சாக்ஸ் பொம்மை மட்டும் போதாது. இதற்கிடையில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பொம்மை பையில் வரட்டும், வருகைப்பதிவின்போது அது "உள்ளேன் டீச்சர்" சொன்னாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.