கொரோனா இரண்டாம் அலை நாட்களில் எல்லையூர் வீடுகள்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையில், வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை நம் ஊர்க்காரர்களுக்கு ரேஷன் கார்டு கேரளாவில், பெரிய ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில், மகளைக் கட்டிக் கொடுத்தது பொள்ளாச்சியில். 2021 மே மாதம் இரண்டு மாநிலங்களும் ஊரடங்கு போட்டதும் அந்தப் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. அதே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது. சொந்தபந்தமெல்லாம் அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு 56 வயது, சர்க்கரை இருக்கிறது. பாசிட்டிவ் வந்து நான்கு நாள் ஆகிறது. வீட்டில்தான் இருக்கிறார். ராத்திரி அவர் இருமும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வேலந்தாவளம்*

அம்மா, முதலில் ஒரு நோட்டை எடுங்கள். ரிசல்ட் வந்த நாளை விடுங்கள். காய்ச்சலோ உடம்புவலியோ என்றைக்கு ஆரம்பித்ததோ அதுதான் 1-ஆம் நாள். ரிசல்ட் வந்து நான்கு நாள் என்றால் அவருக்கு இப்போது 6-ஆம் நாளாகவோ 7-ஆம் நாளாகவோ இருக்கலாம். இந்த நோயில் மூச்சு மோசமாவது பெரும்பாலும் 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் நடுவில்தான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் நேரம் அது. அந்த நாட்களில்தான் கவனம் கூட வேண்டும்.

ஆக்சிமீட்டரை (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவி) நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சோடு வைத்து, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். மருதாணியோ நெயில் பாலிஷோ உள்ள விரல் வேண்டாம். 94-ம் அதற்கு மேலும் இருந்தால் சரி. அப்புறம் அவரை அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் சாதாரணமாக நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். 97-ல் இருந்தவர் நடந்த பிறகு 94 என்றால், அதாவது 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால், உடம்பு உள்ளே திணறுகிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே போனாலும், பேசும்போது வாக்கியம் பாதியில் நின்றாலும், உதடு நீலம் பாரித்தாலும், கூப்பிட்டால் குழப்பமாகப் பதில் சொன்னாலும் உடனே கிளம்புங்கள். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் வரும்வரை குப்புறப் படுக்க வையுங்கள், மார்புக்குக் கீழே ஒரு தலையணை. நுரையீரலின் பின்பக்கம் விரிந்து கொஞ்சம் காற்று கூடுதலாகப் போகும். சாப்பிட்ட கையோடு மட்டும் செய்யாதீர்கள்.

நாளைக்கு நான்கு முறை பார்த்து எழுதினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் அவருக்கும் பயம், உங்களுக்கும் பயம். ராத்திரி படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். 96, 97 என்று இருந்தால் நீங்களும் தூங்குங்கள். நீங்கள் தூங்கி எழுந்தால்தான் மறுநாள் அவரைப் பார்த்துக்கொள்ள முடியும்.

சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்த வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச்சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020 ஜூனிலேயே தெரிந்துவிட்டது. ஆக்சிஜன் சரியாக இருப்பவருக்கு அதனால் பலன் கிடையாது, கெடுதல்தான் உண்டு. சர்க்கரை எகிறும், இரண்டாம் அலையில் எல்லோரும் பயந்த கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கும் அதுவே வழிவிடும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். தனி அறை இல்லாத வீடு என்றால், 2021-ல் வார்டு மெம்பரிடமோ ஆசா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரிடமோ சொன்னால், பஞ்சாயத்தின் பராமரிப்பு மையத்தில் இடம் கேட்டு வாங்கித் தந்தார்கள். அங்கே போவதில் ஒரு குறைச்சலும் இருக்கவில்லை.

ஆக்சிஜன் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். காற்றைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவ ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலை நம் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. வாளையாறு ரோட்டில் நீங்கள் பார்க்கும் அந்த டேங்கர்கள் அங்கிருந்து போகின்றன. கேரளா இந்த விஷயத்தில் தயாராகவே இருந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்வதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா கொரோனா ஊசி போடமாட்டேன் என்கிறார். நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே விழுந்துவிட்டாரே என்கிறார். எனக்கு இன்னொரு சந்தேகம்: முதல் ஊசியைப் பொள்ளாச்சியில் போட்டேன், இரண்டாவதை இங்கே போடலாமா?
*கோவிந்தாபுரம்*

தம்பி, அம்மாவைத் திட்டாதீர்கள். அந்தச் சாவு நம் எல்லோரையும் உலுக்கியது. சிரிக்க வைத்தவர், மரம் நட்டவர். 2021 ஏப்ரல் 15-ல் ஊசி, 16-ல் மயங்கி விழுந்தார், 17-ல் இறந்தார். தேதிகளை வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவருடைய இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் நூறு சதவீதம் அடைத்திருந்தது என்று மருத்துவமனை சொன்னது. ரத்தக்குழாயில் கொழுப்பு வருடக்கணக்கில் சேர்கிறது, ஒரே ராத்திரியில் சேர்வதில்லை. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தெருவில் ஊசி போட்டு நன்றாக இருக்கும் அவர் வயதுக்காரர் ஒருவரைப் பேச வையுங்கள். என் பேச்சைவிட அந்தப் பேச்சுக்குப் பலன் அதிகம் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

காய்ச்சல், கைவலி, அசதி ஒன்றிரண்டு நாள் இருக்கும். பாராசிட்டமால் போதும். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அரிதாக ரத்தம் உறைவது உண்டு. ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் விடாத கடும் தலைவலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது என்று வந்தால் டாக்டரைப் பாருங்கள். இதை மறைத்துவிட்டு ஊசி போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது ஊசியை 2021-ல் நாட்டில் எங்கும் போட முடிந்தது. அதே ஊசி, அதே அடையாள அட்டை, பதிவு செய்த அதே போன் நம்பர், அவ்வளவுதான் கேட்டார்கள். கோவிஷீல்டுக்கு 2021 மே மாதம் வைத்த இடைவெளி 12 முதல் 16 வாரம். கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரம்.

ஆவி பிடித்தால் வைரஸ் சாகுமா? எலுமிச்சைச் சாறு மூக்கில் விடலாமா? கபசுரக் குடிநீர்?
*பலர்*

ஆவி மூக்கடைப்புக்கு இதம், வைரஸைக் கொல்லாது. கொதிக்கும் தண்ணீரைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், வெந்துபோய் வருகிறார்கள். எலுமிச்சை மூக்குக்குள் போனால் எரிச்சல்தான் மிச்சம், சாப்பாட்டில் பிழிந்துகொள்ளுங்கள். கபசுரக் குடிநீர் பழக்கமானவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுக் குடிக்கலாம். அதைக் குடித்தோமே என்று மாஸ்க்கையும் ஊசியையும் விட்டுவிடக் கூடாது.

எனக்கு 74 வயது. போன வருடம் மார்ச்சில் உள்ளே உட்காரச் சொன்னார்கள். நடுவில் கொஞ்ச நாள் தவிர இன்றுவரை உள்ளேதான். தோட்டத்தை மகன் பார்க்கிறான். பேரன் பேத்தி கோயம்புத்தூரில். இது முடியுமா? நான் இருக்கும்போது முடியுமா?
*எருத்தேம்பதி*

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

முடியும். 1918-ல் வந்த விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதிலும் இரண்டாம் அலைதான் கொடுமையாக இருந்தது. அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது, மனிதரிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-ல்தான். தடுப்பூசி இல்லை, ஆக்சிஜன் இல்லை. அப்படியிருந்தும் 1920 வாக்கில் அது தணிந்துவிட்டது. இந்த முறை கிருமியின் மரபணு வரிசை 2020 ஜனவரியிலேயே கையில் கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் ஊசி வந்தது. கிருமி ஒரேயடியாகக் காணாமல் போகும் என்று சொல்லமாட்டேன். ஊசி போட்ட உடம்புக்கு அதன் கடுமை குறையும், உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

ரிவர்ஸ் குவாரன்டைன் என்று சொல்லிப் பெரியவர்களை உள்ளே வைத்தது உயிரைக் காப்பாற்ற. ஆனால் அதை அறைக்குள் கட்டிலோடு கிடப்பது என்று நிறைய வீடுகளில் எடுத்துக்கொண்டார்கள். அது தப்பு. இந்தக் கிருமி பரவுவது அடைத்த இடத்தில், பலர் மூச்சு விடும் இடத்தில். உங்கள் தென்னந்தோப்பில் விடியற்காலையில் யார் இருக்கிறார்கள்? தாராளமாகப் போங்கள். வாய்க்கால் வரப்பில் கால் மணி நேரம் நடங்கள், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். இந்த வயதில் பத்து நாள் படுத்துக் கிடந்தாலே தொடைச் சதை கரையும், அப்புறம் எழுந்தால் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு. நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதை ஒரு வேளைக்குப் பத்து முறை செய்யுங்கள். தினம் ஒரு முட்டை, இல்லையென்றால் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு, நம் மண்ணில் விளையும் நிலக்கடலை ஒரு கைப்பிடி அவித்தது.

தோட்டத்துக் கணக்கை முழுதாக விட்டுவிடாதீர்கள். எந்த மரத்துக்கு எப்போது தண்ணீர் என்பது உங்கள் மகனைவிட உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பேரனோடு வீடியோ கால் என்றால் "சாப்பிட்டியா கண்ணு" என்பதோடு முடிந்துவிடுகிறது அல்லவா? இந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எந்த வருடம் தண்ணீர் வற்றியது, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு நாளைக்கு ஒரு கதை சொல்லி அவனை எழுதிவைக்கச் சொல்லுங்கள். வறட்சியும் பஞ்சமும் கண்டு மீண்ட கதை இப்போது அவனுக்கும் வேண்டியதாக இருக்கிறது. டிவி செய்தி ராத்திரி ஒரு முறை போதும்.

குணமாகி ஒரு மாதம் ஆகியும் வாசனை தெரியவில்லை. குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.
*கொழிஞ்சாம்பாறை*

பெரும்பாலோருக்குத் திரும்பி வரும், மெதுவாக. கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், ரோஜா இந்த நான்கையும் தனித்தனியாக எடுத்து, காலை மாலை ஒவ்வொன்றையும் 20 வினாடி முகர்ந்து, அந்த வாசனையை மனதில் நினைத்துப் பாருங்கள். மூன்று நான்கு மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதுவரை அடுப்பை ஏற்றிவிட்டு நகராதீர்கள், கேஸ் கசிவு தெரியாது என்பதால் சிலிண்டர் வால்வை ராத்திரி மூடச் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

நான் கள் இறக்குபவன். நெகட்டிவ் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பாதி மரம் ஏறுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது. இதுதான் பிழைப்பு.
*சித்தூர்*

இப்போது ஏறாதீர்கள். பாதி மரத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம் என்று எது இருந்தாலும் டாக்டரைப் பார்த்து ஈசிஜி எடுங்கள். எல்லாம் சரி என்றால் தரையில் நடையில் ஆரம்பியுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே அரை மணி நேரம் நடக்க முடிந்த பிறகு ஏணிப்படி, அப்புறம் குட்டை மரம். ஒரு நாள் கூடுதலாகச் செய்துவிட்டு மறுநாள் எழ முடியவில்லை என்றால் ஒரு படி இறங்கிக்கொள்ளுங்கள். உடம்பு திரும்பும், அவசரப்படுத்தினால் இழுக்கும். க்ஷேமநிதியில் (தொழிலாளர் நல நிதி) உறுப்பினர் என்றால் நிவாரணம் உண்டா என்று யூனியனில் விசாரியுங்கள். கூச்சப்படாதீர்கள்.

அப்பா கோவை ஆஸ்பத்திரியில் இறந்தார். எனக்கும் பாசிட்டிவ், போக முடியவில்லை. போனில் முகம் காட்டினார்கள். கொள்ளி வைத்தது யாரென்றுகூடத் தெரியாது. நான்தான் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன் என்ற நினைப்பு போகவில்லை.
*வடகரப்பதி*

தம்பி, இதற்கு மருந்து எழுத என்னிடம் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கிருமி அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். சிலருக்கு அறிகுறியே வராது. உங்களிடமிருந்து அப்பாவுக்கா, அப்பாவிடமிருந்து உங்களுக்கா, பால் சொசைட்டியிலா, கடையிலா, யாராலும் சொல்ல முடியாது. முதலில் காய்ச்சல் வந்தவர்தான் கொண்டுவந்தவர் என்பது கணக்கே இல்லை. நீங்கள் தெரிந்து செய்தது ஒன்றும் கிடையாது.

காரியம் செய்ய முடியாமல் போனதே பெரிய புண். நாள் தவறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பத்துப் பெரியவரைக் கேட்டு, ஆற்றங்கரையிலோ வீட்டிலோ நான்கு பேரோடு செய்யுங்கள். பங்காளிகள் போனில் இருக்கட்டும். அப்பாவைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லட்டும். எழவு வீட்டில் கட்டிப் பிடித்து அழ ஆளில்லாமல் போனதால் அந்த அழுகை உள்ளேயே நிற்கிறது. அது வெளியே வரட்டும்.

துக்கம் நோயில்லை, அதற்குக் கெடு வைக்க வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால், குடி கூடினால், நானும் போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் கேரளாவின் திசா சுகாதார உதவி எண் 1056-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். இதைப் படிக்கும் அக்கம்பக்கத்தாரே, சாவு நடந்த வீட்டுக்குத் தொற்றுக்குப் பயந்து போகாமல் இருந்திருப்பீர்கள். தனிமை நாட்கள் முடிந்துவிட்டால் போகலாம். மாஸ்க் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாருங்கள்.

மூன்றாம் அலை வருமாமே. என்ன வாங்கி வைக்க வேண்டும்?
*கோபாலபுரம்*

ஒரு தெர்மாமீட்டர், ஓர் ஆக்சிமீட்டர் (இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும், துடைத்துப் பயன்படுத்துங்கள்), ஒரு அட்டை பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், பிரஷர் சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிப் பதுக்க வேண்டாம், அது மூச்சுத் திணறுபவருக்குப் போக வேண்டியது.

ஆசா பணியாளர், வார்டு மெம்பர், ராத்திரி கூப்பிட்டால் வண்டி எடுக்கும் ஒருவர் என்று மூன்று நம்பரைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் நம் ஊர்களில் போன் சில நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும், அழைப்பும் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம். அதனால் எடுத்தவுடன் "கேரளா, பாலக்காடு மாவட்டம்" என்று சொல்லிவிட்டு, பஞ்சாயத்து, ஊர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளிக்கூடத்தின் பெயர், நோயாளியின் வயது, ஆக்சிஜன் எண் என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அவனுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்து, ஒரு முறை சொல்ல வைத்துப் பாருங்கள்.