லேவியரில் நின்றுபோனவர்கள்

கேள்வி: அக்கா, கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். தவக்காலம் தொடங்குகிற ஒவ்வொரு சாம்பல் புதனன்றும், தினம் மூன்று அதிகாரம் பைபிள், ராத்திரி பிள்ளைகளோடு ஜெபமாலை என்று ஆரம்பிப்பேன். லேவியர் ஆகமம் வந்ததும் நின்றுவிடும். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் மனசில் ஒன்றுமே தோன்றுவதில்லை, வாய்தான் முணுமுணுக்கிறது. இது பாசாங்கு இல்லையா? பரிகாரமாகப் புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொள்ளலாமா?
— ஒரு வாசகி

பதில்: லேவியரில் நின்றுபோனவர்கள் சங்கத்துக்கு வாங்க தங்கச்சி, நான் பழைய உறுப்பினர். பலிச் சட்டமும் தோல்நோய்ச் சட்டமுமாக 27 அதிகாரம். ஒன்பது மணிக்குக் கடை சாத்திவிட்டு வந்து, கண் சொக்கும்போது படிக்கிற பகுதியா அது? மாற்கு நற்செய்தியை எடுங்கள். மொத்தமே 16 அதிகாரம். அதிலும் ஒரு நாளைக்குப் பாதி போதும்.

பாசாங்கு என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். எங்கள் அம்மாவும் உங்கள் ஊர்தான், மீன் விற்றவர். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேதான் சொல்வார். "அருள் நிறைந்த மரியே வாழ்க... கூறு பத்து ரூபா, குறையாது... கர்த்தர் உம்முடனே." மாலை அறுந்து ஒரு மணி தொலைந்தபோது வலை நரம்பால் கோத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சுக்கும் ஒரு மந்திரம் உண்டு! "மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அவங்களும் பிள்ளை வளர்த்தவங்கதானே" என்றார். செவுள் வாடையோடு அந்த மாலை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மனசில் ஒன்றும் தோன்றாதது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. அன்னை தெரேசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தன. கிட்டத்தட்ட 50 வருடம் உள்ளே இருட்டாகவே இருந்தது என்று தெரிந்து பலரும் திகைத்துப் போனார்கள். அத்தனை வருடமும் விடிகாலை ஜெபத்துக்கு அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். அதைப் பாசாங்கு என்று யார் சொல்வார்கள்?

பரிகாரம் பற்றி என் கதையையே சொல்கிறேன். பாடகர் குழுவில் ஒரு சண்டை. தப்பு பாதி என்னுடையது. எட்டு மாதம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அப்புறம் ஒரு வார நாள் காலைப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பாட்டி கொஞ்சம் நகர்ந்து, பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். எட்டு மாதத்துக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

நேர்ச்சை நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடை ஒரு நாளில் முடிந்துவிடும், உங்களுக்குச் சிக்கல் மற்ற நாட்களில்தானே? இன்று ராத்திரி பிள்ளைகளோடு ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொல்லுங்கள். சின்னது பாதியில் தூங்கினால் தூங்கட்டும். நாளைக்கு விட்டுப்போனால் மறுநாள் இருபதாக்காதீர்கள், அதே பத்துதான்.

வில்லியனூருக்குப் பஸ்ஸிலேயே வாருங்கள் தங்கச்சி. 1877-இல் பிரான்சிலிருந்து சிலையாகக் கப்பலேறி வந்த மாதா, நீங்கள் டிக்கெட் எடுத்ததற்கா கோவித்துக்கொள்வார்? வெயில் தாழ்ந்ததும் குளத்தங்கரையில் இருப்பேன்.