அம்மாவுக்கு முடக்குவாதம்... எனக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ். எனக்கு வயது 34. மரபணுப் பரிசோதனை செய்தால், எனக்கும் வருமா என்று முன்பே தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. அதற்காகப் பணத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால், இந்நோய் பொதுவாகவே நூறு பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. மூன்று மடங்கென்றால் நூற்றுக்கு மூன்று. மரபணு அச்சு அசலாக ஒத்திருக்கும் இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவிகிதம்தான்.

மரபுவழி வாய்ப்பில் பெரும்பங்கு ஹெச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவுக்கு. இது தரும் புரதம், மற்றப் புரதங்களின் துணுக்குகளை ஏந்தி நோய் எதிர்ப்பு செல்களிடம் காட்டும். புகைபிடிக்கும்போது நுரையீரலில் சில புரதங்கள் உருமாறுகின்றன. இந்த மரபணுவின் குறிப்பிட்ட சில வகைகள் உள்ளவர்களிடம், உருமாறிய புரதத் துணுக்குகள் ஏந்தும் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ள, உடம்பு தன் சொந்தப் புரதத்தையே எதிரியாக எண்ணி ஆன்டிபாடி தயாரிக்கிறது. ஆன்டி-சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். மரபணுவை மாற்ற முடியாது. சிகரெட்டை விட முடியும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாத விறைப்பு, கைகுலுக்கும்போது விரல்களின் அடிமூட்டுகளில் சுரீரென்று வலி, வீக்கம்... இவை சில வாரங்கள் நீடித்தால் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். வலி மாத்திரையில் காலம் தள்ளக் கூடாது. இந்நோய் மூட்டு எலும்பை அரிக்கும்; அரித்துப்போன எலும்பு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆன்டி-சி.சி.பி. நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

கேள்வி: ஹெச்.எல்.ஏ-பி27 நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அது முதுகெலும்பை இறுக்கும் வேறொரு வாத நோய்க்கான பரிசோதனை. முடக்குவாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: மரபணுவைப் பார்த்து மருந்து தருவார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அசாதையோபிரின் என்ற மருந்து விதிவிலக்கு. டி.பி.எம்.டி. என்சைம் மரபுவழியாகக் குறைந்தவர்களுக்கு அந்த மருந்து ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் முன்கூட்டியே சோதிப்பது நல்லது.

முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மீத்தோட்ரெக்ஸேட் மருந்துக்கு அப்படி நம்பகமான மரபணுச் சோதனை இன்னும் வரவில்லை. அதில் நேரும் பெரிய விபத்தே வேறு: வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுக்கொள்வது. உயிரே போகலாம். கிழமையை மாத்திரை அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். ஃபோலிக் ஆசிட்டை மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போடுங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். இம்மருந்து கருவைப் பாதிக்கும்.