மறுநாள் காலையில் தெரிந்த கோடு

கேள்வி: எனக்கு வயது 32. சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் பெற்றோருடன் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன்பு வேலை நிமித்தம் வெளிநாடு சென்றிருந்தபோது, ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இரண்டாம் வாரத்தில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போயின. பயந்துபோய், மூன்றாம் வார முடிவில், ஈறில் தேய்த்துப் பார்க்கும் எச்ஐவி சுயபரிசோதனைக் கருவி ஒன்றை வாங்கி, வீட்டில் எல்லாரும் தூங்கியபின் குளியலறையில் வைத்துச் சோதித்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ‘சி’ என்ற இடத்தில் மட்டும் கோடு இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் குப்பைப் பையிலிருந்து அதை எடுத்து மறுபடியும் பார்த்தேன். ‘டி’ என்ற இடத்திலும் மிக மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அன்றிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. இன்னும் ஐந்து மாதங்களில் திருச்சியில் எனக்குத் திருமணம். எந்த முடிவை நான் நம்புவது? திருமணத்தை நிறுத்திவிட வேண்டுமா? பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: இரண்டு முடிவுகளையும் நம்ப வேண்டாம். இரவில் நீங்கள் பார்த்தது சரியான நேரத்தில் வாசிக்கப்பட்ட முடிவுதான். ஆனால் அந்தப் பரிசோதனையே காலத்துக்கு முந்திச் செய்யப்பட்டது. காலையில் பார்த்த கோட்டை முடிவு என்றே கொள்ள முடியாது. நான்கு வாரங்களாக நீங்கள் தனியாகச் சுமக்கும் அச்சத்துக்கு அந்தக் கருவியில் விடை இல்லை. ஆனால் ஏழு வாரங்கள் கடந்துவிட்ட நிலையில், பெருமளவு நம்பத்தக்க விடையை இந்த வாரமே ஓர் இரத்தப் பரிசோதனையின் மூலம் பெறலாம்.

உங்களுடைய குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. கொவிட் காலத்தில் சிங்கப்பூரில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஏஆர்டி பரிசோதனை செய்துபார்த்தோம். மூக்கில் குச்சியை விட்டு, ‘சி’, ‘டி’ கோடுகளைப் பார்த்து, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்துப் பழகினோம். எச்ஐவி சுயபரிசோதனைக் கருவியும் பார்வைக்கு அதைப் போலவே இருப்பதால், அதுவும் இன்றைய நிலையைச் சொல்லும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கொவிட் கருவி கிருமியின் புரதத்தையே தேடியது. நீங்கள் பயன்படுத்திய கருவியோ கிருமியைத் தேடுவதே இல்லை. கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்களைத்தான் தேடுகிறது. வீட்டுக்குள் திருடன் நுழைந்துவிட்டானா என்பதை, காவலர்கள் வந்து சேர்ந்துவிட்டார்களா என்பதைக் கொண்டு கணிப்பது போன்றது அது. காவலர்கள் வரும்வரை வீடு அமைதியாக இருப்பதாகவே அதற்குத் தோன்றும்.

எதிர்ப்புப் பொருள்கள் கருவிக்குப் புலப்படும் அளவுக்குப் பெருகுவதற்குச் சிலருக்கு மூன்று வாரங்கள் போதும். சிலருக்கு மூன்று மாதங்கள்வரை ஆகும். இந்த இடைவெளியைத்தான் மருத்துவர்கள் ‘சாளரக் காலம்’ என்கிறார்கள். ஆகவே வாய்வழிக் கருவியில் ‘டி’ கோடு தெரியவில்லை என்றால், மூன்று மாதங்களுக்கு முன்புவரை நடந்தவற்றால் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது மட்டுமே பொருள். கடந்த மூன்று மாதங்களில் நடந்தவற்றைப் பற்றி அது உறுதியாக எதையும் சொல்லாது. நீங்கள் 21ஆம் நாளில் சோதித்தீர்கள். உங்களைக் கலங்கவைத்த அந்த ஒரு நிகழ்வைப் பற்றிச் சொல்லும் திறன் அன்று அந்தக் கருவிக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை.

இனி, காலையில் தெரிந்த கோட்டுக்கு வருகிறேன். இந்த வகைக் கருவிகளில் பெரும்பாலோர் அறிந்த ஓராகுவிக் கருவியை 20 நிமிடங்களுக்குப் பிறகு, 40 நிமிடங்களுக்குள் வாசிக்க வேண்டும். அந்த நேரம் சும்மா குறிக்கப்பட்டதன்று. குப்பியிலுள்ள திரவத்தில் கருவியை நிறுத்தியதும், இளஞ்சிவப்புச் சாயம் சிறு சாளரத்தின் வழியே மெல்ல ஊர்ந்து மேலேறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாயம் நகர்ந்து முடிந்து பின்னணி வெளுக்க அவகாசம் வேண்டும். அதற்குமேல் விட்டுவைத்தால் திரவம் உலர்ந்து, பொருளற்ற தடங்கள் தோன்றக்கூடும். எட்டு மணி நேரம் கழித்துக் குப்பைப் பையிலிருந்து எடுத்த கருவியில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியை மெல்லிழைத்தாளில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வந்து, “டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்று நீட்டுபவர்கள் உண்டு. வாங்கிப் பார்த்தாலும் எனக்கும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். 20 முதல் 40 நிமிடங்களுக்குள் ‘சி’ கோட்டோடு ‘டி’ கோடும் தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், ‘எதிர்வினை உள்ளது’ என்றே கொள்ள வேண்டும். “லேசாகத்தானே தெரிகிறது” என்று ஒதுக்கிவிடக் கூடாது. ‘சி’ கோடு வரவில்லை என்றாலோ, சாளரம் முழுவதும் சிவந்து கோடுகளைப் பார்க்க முடியாமல் போனாலோ அந்தப் பரிசோதனை செல்லாது. புதிய கருவியைக் கொண்டு மீண்டும் செய்ய வேண்டும்.

கருவியை மறுபடியும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதால் செய்முறையையும் சொல்கிறேன். சோதிப்பதற்குக் குறைந்தது 15 நிமிடங்கள் முன்புவரை எதையும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். பல் துலக்கியிருந்தாலோ வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்தியிருந்தாலோ அரை மணி நேரம் காத்திருங்கள். குப்பியின் மூடியை முதலிலேயே திறந்து அதைத் தாங்கியில் நிறுத்திவிடுங்கள். கையில் கருவியை வைத்துக்கொண்டு மூடியோடு போராடும்போதுதான் திரவம் சிந்தும். கருவியின் நுனியிலுள்ள பஞ்சுப் பட்டையை விரலால் தொடாமல், மேல் ஈறு முழுவதும் ஒருமுறை, கீழ் ஈறு முழுவதும் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் போதும். கன்னத்தின் உட்புறமோ நாக்கோ வேண்டாம். கருவிக்குத் தேவை எச்சில் அன்று. ஈறோரத்தில் கசியும் நீர். அதில் இருப்பவை எதிர்ப்புப் பொருள்களே என்பதால், “எச்சிலில் சோதிக்கிறார்கள் என்றால் எச்சிலால் பரவுமோ” என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. எச்சிலால் எச்ஐவி பரவுவதில்லை. கருவியை 30 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைக்கக் கூடாது. வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று வெயிலில் நிற்கும் காருக்குள் ஒளித்துவைத்தால் அது கெட்டுப்போகக்கூடும். எச்ஐவிக்கான மருந்தையோ தடுப்பு மாத்திரையையோ ஏற்கெனவே உட்கொள்பவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தாது. அவர்களுக்கு அது தவறாக ‘இல்லை’ என்று காட்டிவிடலாம்.

கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் முக்கியமான கேள்வி. 2012இல் அமெரிக்காவில் இதற்கு வீட்டுப் பயன்பாட்டு அனுமதி வழங்கப்பட்டபோது பரிசீலிக்கப்பட்ட ஆய்வில், பயிற்சியில்லாத பொதுமக்கள் தாமே சோதித்தபோது, தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவரை அது தவறவிட்டது. தொற்று இல்லாதவர்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவருக்குத் தவறாகத் தொற்று இருப்பதாகக் காட்டியது. பத்தாயிரம் பேர் சோதிக்கிறார்கள், அவர்களில் பத்துப் பேருக்குத்தான் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கும். தொற்றே இல்லாத இரண்டு பேருக்கும் ‘டி’ கோட்டைக் காட்டும். கோட்டைப் பார்த்துக் கலங்கிய பதினோரு பேரில் இரண்டு பேர் நோயற்றவர்கள். அதனால்தான் ‘டி’ கோடு வந்தவரை எந்த மருத்துவரும் அந்தக் கருவியை மட்டும் வைத்து எச்ஐவி உள்ளவர் என்று சொல்வதில்லை. ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது என்ன? இன்றைக்கு 49ஆம் நாள். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, எதிர்ப்புப் பொருளோடு கிருமியின் ‘பி24’ புரதத்தையும் தேடுகிறது. தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாள்களுக்குள் அதனால் கண்டறிய முடியும். அதை நாளையே செய்துகொள்ளுங்கள். “நான்காம் தலைமுறை, ஆய்வக இரத்தப் பரிசோதனை” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைகளில் சிலவற்றுக்கு 90 நாள்கள்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதே இரத்தத்தில் சிஃபிலிசுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். ஆணுறையற்ற உறவுக்குப் பிறகு எச்ஐவியை மட்டும் நினைத்து அஞ்சி, எளிதில் தொற்றும், எளிதில் குணப்படுத்தவும் கூடிய இவற்றை மறந்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எங்கே போவது? கிளந்தான் லேனில் உள்ள டிஎஸ்சி மருந்தகம் பாலியல் தொற்றுகளுக்கென்றே இயங்குகிறது. தேக்காவிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். 2022 ஆகஸ்டில் சிங்கப்பூரில் சுயபரிசோதனைக் கருவிகளின் விற்பனை சோதனை முயற்சியாகத் தொடங்கியபோது, அந்த மருந்தகமும் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பும்தான் அதை நடத்தின. உங்கள் குடும்ப மருத்துவரிடமும் போகலாம். சுயபரிசோதனையின் முடிவு உங்களைத் தவிர வேறு எங்கும் போவதில்லை. மருந்தகத்தில் பெயர் கொடுத்துச் செய்த பரிசோதனையில் தொற்று உறுதியானால், மருத்துவர் அதைச் சுகாதார அதிகாரிகளுக்குச் சட்டப்படி தெரிவிக்க வேண்டும். பெயரும் அடையாள எண்ணும் கேட்காத பரிசோதனை இடங்களும் உண்டு. அங்கே உங்களுக்கு ஓர் எண் மட்டுமே தரப்படும்.

விடை தெரியும்வரை யாருடன் உறவு கொண்டாலும் ஆணுறை அவசியம். இரத்த தானம் செய்தால் அவர்களே சோதித்துச் சொல்லிவிடுவார்கள் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். சாளரக் காலத்தில் கொடுத்த இரத்தம் இன்னொருவரின் உடலுக்குள் போகும். உண்மையை மறைத்துப் படிவத்தில் கையெழுத்திடுவது இங்கே குற்றமும் ஆகும்.

தொண்டை வலியும் காய்ச்சலும் எச்ஐவியின் தொடக்கத்தில் வரக்கூடியவைதான். ஆனால் நூறு வேறு காரணங்களாலும் அவை வரும். அறிகுறிகளை இணையத்தில் ஒப்பிட்டுக்கொண்டு இரவுகளைக் கழிக்காதீர்கள். தொற்று உள்ள ஒரு பெண்ணுடன் ஆணுறையின்றி ஒருமுறை பெண்ணுறுப்புவழி உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000க்கு 4 என்று கணிக்கப்பட்டுள்ளது. அவருக்குத் தொற்று இருந்ததா என்பதே தெரியாத நிலையில் உங்களுக்கான வாய்ப்பு அதனினும் குறைவு. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாளை வரிசையில் உட்காரும்போது கொஞ்சம் தெம்போடு உட்கார வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இத்தகைய நிகழ்வு நடந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், 28 நாள்கள் உட்கொள்ளும் மருந்தால் தொற்றைத் தடுக்க முடியும் என்பதை மற்ற வாசகர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கருவியைத் தேடி அலைவதைவிட அந்த மூன்று நாள்களே மதிப்பு மிக்கவை.

தொற்று உறுதியானால் என்ன ஆகும் என்றும் நீங்கள் மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள். தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையத்தின் மருத்துவர்கள் உங்களைப் பார்ப்பார்கள்; பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரையே சிகிச்சை. 2020 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரர்களுக்கு இம்மருந்துகளுக்கு அரசாங்க மானியமும் கிடைக்கிறது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், உறவின் வழியாகத் துணைக்குத் தொற்றாது. தொற்று இல்லாத குழந்தைகளைப் பெற்று வளர்ப்போர் இருக்கிறார்கள். 2023இல் சிங்கப்பூர்வாசிகள் 207 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் முற்றிய நிலையிலேயே தெரியவந்தது என்பதுதான் எனக்கு வருத்தம் தருவது.

இதைப் படிக்கும் ஊழியர் தங்குவிடுதிச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவியும் அடங்கும் என்பதையும், தொற்று உறுதியானால் இங்கே வேலையைத் தொடர்வது கடினம் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அந்த அச்சத்தாலேயே பலர் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். ஆனால் இந்தியாவில் 2004இலிருந்து இம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகின்றன; சென்னைத் தாம்பரம் சானடோரியத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். பெயர் கேட்காத பரிசோதனை உங்களுக்கும் உண்டு. உடல் தளர்ந்தபின் ஊர் திரும்புவதைவிட, உண்மையை அறிந்து, மருந்துக்கு வழி செய்துகொண்டு திரும்புவது மேல்.

திருமணத்தை இப்போது நிறுத்த வேண்டியதில்லை. நாளைய இரத்தப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் அச்சத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இன்னும் ஆறு வாரங்களில் 90 நாள்கள் நிறைந்த பிறகு, ஒருமுறை மீண்டும் சோதியுங்கள். அன்று வாய்வழிக் கருவியையே பயன்படுத்தினாலும் சரி, கைத்தொலைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, 40 நிமிடங்களுக்குள் வாசித்துவிட்டுக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள். இடையில் வேறு ஆபத்தான உறவு ஏதும் இல்லாமல் அதுவும் ‘இல்லை’ என்று வந்தால், இந்த நிகழ்வு முடிந்துவிட்டது. அப்போதும் திருமணத்துக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கும். ஒருவேளை முடிவு வேறாக வந்தால், மணப்பெண்ணிடம் திருமணத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதற்கு ஆலோசகர்கள் துணை நிற்பார்கள்; நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.