கேளுங்கள், சொல்கிறோம்: ஜப்பான் கப்பலுக்குச் சென்னைக் கடலில் என்ன வேலை?

கே: ஜப்பான் கடலோரக் காவல் கப்பல் சென்னைக்கு வந்து பயிற்சி செய்கிறது என்று அவ்வப்போது செய்தி வருகிறதே, அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வருகிறார்கள்? (வாசகர், தூத்துக்குடி)

ப: ஒரு கொள்ளையிலிருந்து தொடங்கியது இது. 1999 அக்டோபரில் சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு இந்தோனேசியாவிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பிய ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள். மாலுமிகள் 17 பேரையும் ஒரு மிதவையில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். பல நாள் தவித்த பிறகு தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. கப்பலோ ‘மெகா ராமா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நம்முடைய மேற்குக் கடலில் போய்க்கொண்டிருந்தது. கடலோரக் காவல்படையின் தாராபாய் கப்பலும் கடற்படையின் பிரஹார் கப்பலும் துரத்தித் துரத்தி நவம்பரில் அதை மடக்கின.

அடுத்த ஆண்டே, 2000-ல், இரண்டு நாட்டுக் கடலோரக் காவல்படைகளும் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கிவிட்டன. சஹ்யோக்-கைஜின் என்று பெயர். 2018 ஜனவரியிலும் சென்னைக்கு வெளியேதான் நடந்தது. ஜப்பான் வாங்கும் கச்சா எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு மேற்காசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாகப் போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள், அவர்களுடைய அக்கறை புரியும்.

ஆனால் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அன்றைக்குப் பிடிபட்டவர்களுக்கு மும்பை நீதிமன்றம் தண்டனை கொடுத்தும், மேல்முறையீட்டில் 2005-ல் அவர்கள் விடுதலையாகிவிட்டார்கள். கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமே அப்போது நம்மிடம் இல்லை. அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். உயிரைப் பணயம் வைத்துக் கப்பலைப் பிடித்த வீரர்களுக்கு நாம் செய்த குறை அது.

கே: 2020-ல் ஜப்பானோடு போட்ட ராணுவ ஒப்பந்தப்படி அவர்கள் இங்கே தளம் அமைக்கலாமா? சீனாவோடு சண்டை வந்தால் உதவிக்கு வருவார்களா? (வாசகர், கோவை)

ப: தளம் அமைக்க அதில் இடமில்லை. சண்டைக்கு வரவேண்டிய கட்டாயமும் இல்லை. 2020 செப்டம்பரில் கையெழுத்தாகி 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம், இருதரப்புப் படைகளும் பயிற்சியிலோ பேரிடர் மீட்பிலோ இருக்கும்போது எரிபொருள், சாப்பாடு, தண்ணீர், உதிரிபாகம், துறைமுக வசதி இதையெல்லாம் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதற்கானது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். கப்பலில் எண்ணெய் தீர்ந்துபோகும் நேரத்தில் அது சின்ன விஷயமில்லை. ஜப்பானைத் தாக்கினால் உதவிக்கு வரவேண்டும் என்கிற பாதுகாப்பு ஒப்பந்தம் ஜப்பானுக்கு அமெரிக்காவோடு இருக்கிறது, நம்மோடு இல்லை. நாமும் கேட்கவில்லை.

கே: 1998-ல் நம்மைத் தண்டித்த நாடுதானே ஜப்பான்? (வாசகர், திருச்சி)

ப: ஆமாம். பொக்ரானில் நாம் செய்த அணுகுண்டுச் சோதனை முடிந்ததும் புதிய கடனுதவியை நிறுத்தினார்கள். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் பார்த்த நாடு கோபப்பட்டதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. அதே ஜப்பான்தான் 1958-ல் தன்னுடைய முதல் யென் கடனை இந்தியாவுக்குக் கொடுத்தது, அதையும் மறக்கக் கூடாது. 2000-ல் பிரதமர் மோரி டெல்லி வந்தார், 2001-ல் தடைகள் விலகின, 2007-ல் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே நம் நாடாளுமன்றத்தில் பேசி இந்திய, பசிபிக் பெருங்கடல்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னார். அப்புறம் 2016 நவம்பரில் சிவில் அணுசக்தி ஒப்பந்தமே கையெழுத்தானது. மறுபடி சோதனை நடத்தினால் ஒத்துழைப்பை நிறுத்துவோம் என்கிற நிலையை மட்டும் அவர்கள் இன்னும் விடவில்லை.

கே: ரஷ்யா விஷயத்தில் இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் இல்லையா? (வாசகர், வேலூர்)

ப: அப்படித்தான் இருக்கிறோம். உக்ரைன் போருக்காக ஜப்பான் ரஷ்யா மீது தடை போட்டது, நாம் போடவில்லை. ஆனாலும் 2023 ஜனவரியில் ஜப்பானின் ஹியாகுரி விமானதளத்துக்குப் போய் நாம் கூட்டுப் பயிற்சி செய்தது ரஷ்ய வடிவமைப்பான சுகோய்-30 விமானங்களை வைத்துத்தான்!

கே: இத்தனை வருடப் பேச்சில் ஜப்பானிடம் ஆயுதம் ஏதாவது வாங்கியிருக்கிறோமா? (வாசகர், சேலம்)

ப: சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எனக்கு மனசு பொறுக்காத இடமும் இதுதான். யுஎஸ்-2 என்று ஒரு விமானம் இருக்கிறது, கடலிலேயே இறங்கி, கடலிலிருந்தே எழும்பும். மூன்று மீட்டர் அலையிலும் இறங்கக்கூடியது. அந்தமான் பக்கம் ஒரு படகு கவிழ்ந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! 2013-ல் மன்மோகன் சிங் டோக்கியோ போனபோதே இதற்குக் கூட்டுக் குழு அமைத்தார்கள். ஆயுத ஏற்றுமதிக்குத் தனக்குத்தானே போட்டிருந்த கட்டுப்பாட்டை 2014-ல் ஜப்பான் தளர்த்தியது, 2015 டிசம்பரில் தளவாடங்களையும் தொழில்நுட்பத்தையும் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தமும் வந்தது. ஆனால் விமானம் வரவில்லை. விலை மிக அதிகம், ஒன்றே பத்துக் கோடி டாலரைத் தாண்டும் என்றார்கள். அதுவும் நாம் கேட்டது பன்னிரண்டு போல, அந்த எண்ணிக்கைக்காக இங்கே தொழிற்சாலை போடுவது கட்டுப்படியாகாது. விற்றுப் பழக்கமில்லாத நாடும், விலையைக் குறைக்கச் சொல்லியே பழகிய நாடும் உட்கார்ந்து பேசினால் ஆண்டுகள்தான் ஓடும்.

இப்போது கொஞ்சம் நம்பிக்கை தருவது ‘யூனிகார்ன்’ கம்பம். கப்பலின் மேல்தளத்தில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்களையெல்லாம் ஒரே கம்பத்துக்குள் அடக்கிவிடுவதால், எதிரியின் ரேடாரில் கப்பல் எளிதில் சிக்காது. ஜப்பானின் மொகாமி ரகக் கப்பல்களில் ஏற்கெனவே இருக்கிறது. இதை பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஜப்பானோடு சேர்ந்து நம் கடற்படைக்காக உருவாக்க 2024 நவம்பரில் டோக்கியோவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் கப்பலில் அந்தக் கம்பம் ஏறி நிற்கும் நாளில் இதே கேள்வியை மறுபடி அனுப்புங்கள், சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன்.